கரையில் ஒரு மணி நேரம்

பெங்களூரில் கடல் கிடையாது. கிழக்கே சென்னை, மேற்கே மங்களூர். எந்தப் பக்கம் இறங்கினாலும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் உப்புக்காற்று. ஊர் இருப்பதோ கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில். ஆட்டோக்காரர்கள் இன்றும் ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்றே சொல்லும் இந்திய அறிவியல் கழகம் இங்கேதான் இருக்கிறது. அதற்குள் 1983இல் மாதவ் காட்கில் தொடங்கிய சூழலியல் அறிவியல் மையம், இந்தியக் கடலாமை ஆராய்ச்சியின் முக்கியமான முகவரிகளில் ஒன்று. பேராசிரியர் கார்த்திக் ஷங்கரும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறார்கள். இதே ஊரில் 2008இல் தொடங்கப்பட்ட தக்ஷிண் அறக்கட்டளை அவர்களுடன் சேர்ந்து ஒடிசாவிலும் அந்தமானிலும் களப்பணி செய்கிறது.

மலைமேட்டில் உட்கார்ந்துகொண்டு கடலாமை ஆராய்ச்சியா என்று தோன்றலாம். ஆனால் இந்த விலங்கின் வாழ்க்கையே அப்படிப்பட்டது. ஆண் ஆமை, குஞ்சாகக் கடலுக்குள் ஓடியதோடு சரி. நம் கரைகளில் அது மறுபடி ஏறுவதில்லை. பெண் ஆமை பருவத்துக்கு வந்தபின் முட்டையிட மட்டும் வரும். ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். மீதி வாழ்நாள் முழுவதும் நம் கண்ணுக்கு எட்டாத தண்ணீரில். அந்த ஒரு மணி நேரத்தில் கையில் கிடைப்பதை வைத்துத்தான் மற்றதையெல்லாம் கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பு வேலைக்கு அலைச் சத்தம் அவசியமில்லை. பொறுமையும் பழைய பதிவேடுகளும் இருந்தால் போதும்.

அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பது

சென்னைக் கரைக்கு அதிகம் வருவது பங்குனி ஆமை. ஆங்கிலப் பெயரைத் தழுவி ஆராய்ச்சியாளர்கள் ஒலிவ் ரிட்லி என்பார்கள். எடை சுமார் 40 கிலோ. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரவில் கரையேறும். அலை எட்டாத மேட்டுக்கு வந்ததும் முன்துடுப்புகளால் காய்ந்த மேல்மணலைத் தள்ளிவிட்டு, ஈரமணல் தட்டுப்பட்டவுடன் பின்துடுப்புகளுக்கு வேலை கொடுக்கும். ஒரு துடுப்பு மடங்கி உள்ளே போய் ஒரு பிடி மணலை அள்ளிக்கொண்டு வெளியே வரும். அதைப் பக்கவாட்டில் வைத்த பிறகு அடுத்த துடுப்பு இறங்கும். குழி எங்கே போகிறது என்று அது திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆனாலும் ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற குழி சரியாக அமைந்துவிடும்.

முட்டைகள் விழத் தொடங்கியதும் ஆமை அசையாமல் நின்றுவிடுகிறது. அதுவரை சிறு வெளிச்சத்துக்கும் மிரண்டு கடலுக்குத் திரும்பக்கூடிய விலங்கு, இப்போது பக்கத்தில் ஆள் உட்கார்ந்தாலும் கண்டுகொள்வதில்லை. ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கும் வாய்ப்பு இந்தச் சில நிமிடங்கள்தான். ஓட்டின் நீள அகலத்தை டேப்பால் அளப்பார்கள். துடுப்பில் எண் பொறித்த உலோகத் தகட்டை மாட்டுவார்கள். தேவைப்பட்டால் தோலில் ஒரு துணுக்கு எடுத்துக்கொள்வார்கள். நூறுக்குச் சற்று முன்பின்னாக முட்டைகள் விழுந்து முடிந்ததும் ஆமை மணலை மூடி, உடம்பை இடமும் வலமும் சாய்த்துத் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விடும். தாயின் பொறுப்பு அத்தோடு முடிந்தது. ஐம்பது நாள் போல ஆனதும் குஞ்சுகள் தாமாகவே வெளிவரும்.

நடந்தே எண்ணியவர்

இந்தியாவில் கடலாமைகளை முறையாகத் தேடத் தொடங்கியது 1970களில்தான். அதற்கு முன் ஆமை என்றால் வியாபாரச் சரக்கு. மன்னார் வளைகுடாவில் பிடித்த ஆமைகள் இலங்கைக்குப் போயின. ஒடிசாக் கடலில் பிடித்தவை லாரியிலும் ரயிலிலும் கொல்கத்தாச் சந்தைக்குப் போயின. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகும் இது உடனே நிற்கவில்லை.

சென்னையில் ராமுலஸ் விட்டேகர் தொடங்கிய பாம்புப் பண்ணையைச் சுற்றித் திரண்ட இளைஞர்கள் இரவில் கரையோரம் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடினார்கள். அவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். ஐஐடி மெட்ராஸில் பொறியியல் படிக்க வந்து, படிப்பை விட்டு ஆமைக்குப் பின்னால் போனவர். குஜராத், லட்சத்தீவு, அந்தமான், நிக்கோபார் என்று நாட்டின் கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து, எந்த மணலில் எந்த ஆமை ஏறுகிறது என்று குறித்துவைத்தார்.

1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் சுஹேலி என்ற ஆளில்லாத தீவில் அவர் தனியாகத் தங்கினார். மழைக்காலத்தில்தான் பச்சை ஆமை அங்கே முட்டையிடும். படகு ஓடாத பருவமும் அதுவே. ஊருக்குத் தகவல் சொல்ல வழியில்லாமல், மனைவிக்கு ஒரு கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் போட்டார். இலங்கை மீனவர் ஒருவர் கையில் அது கிடைத்தது. அவர் தன் பங்குக்கு ஒரு கடிதமும் சேர்த்துத் தபாலில் அனுப்பிவைத்தார். பாஸ்கர் 2023இல் காலமானார். பெரிய பதவியோ ஆய்வுக்கூடமோ அவருக்கு இருந்ததில்லை. ஆனால் நிக்கோபாரின் தென்கோடியில் ஏழுவரி ஆமைகள் பெருவாரியாக முட்டையிடுவதை அறிவியல் உலகுக்குக் காட்டியவர் அவர்தான்.

சென்னையில் அந்த இரவு நடையை 1988இல் கல்லூரி மாணவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். கடலாமைப் பாதுகாப்பு மாணவர் வலையமைப்பு அப்படித்தான் பிறந்தது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் ஒவ்வொரு பருவத்திலும் அவர்கள் இன்றும் நடக்கிறார்கள். கார்த்திக் ஷங்கர் அந்த முதல் தலைமுறை மாணவர்களில் ஒருவர். பெங்களூர் ஆராய்ச்சியின் வேர் சென்னை மணலில் இருக்கிறது.

லட்சத்தை எப்படி எண்ணுவது?

சென்னையில் ஓர் இரவில் ஐந்தாறு ஆமை வந்தால் அதிகம். ஒடிசாவில் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் சில இரவுகளுக்குள் லட்சக்கணக்கில் ஏறும். உலகில் சில கரைகளில் மட்டுமே நடக்கும் இந்தக் கூட்டு வருகைக்கு ஸ்பானிய மொழியிலிருந்து வந்த பெயர் அரிபாடா. கஹிர்மாதா 1974இல் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது; ருஷிகுல்யாவில் இது நடப்பதை 1994இல் பிவாஷ் பாண்டவ் கண்டார். கால் வைக்க இடமிருக்காது. பின்னால் வரும் ஆமை, முன்னால் வந்தது புதைத்த முட்டையைத் தோண்டி வெளியே போடும்.

இதில் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முன்பெல்லாம் கண்மதிப்பாக ஒரு தொகை சொல்வார்கள். இப்போது செய்வது வேறு. கடலிலிருந்து மேடு வரை கரைக்குக் குறுக்காக, இடைவெளி விட்டுப் பட்டைகளைக் கயிறுகட்டிக் குறிக்கிறார்கள். இரவு முழுவதும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டைகளில் நடந்து, அந்தக் கணத்தில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும் ஆமைகளை மட்டும் எண்ணுகிறார்கள். ஏறுபவை, இறங்குபவை, குழி தோண்டுபவை கணக்கில் வராது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். பட்டைகள் எல்லாம் சேர்ந்து கரையின் பரப்பில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் 50 ஆமைகள் முட்டையிடக் கண்டால், கரை முழுவதும் அந்த நேரத்தில் 1,000. ஓர் ஆமை முட்டையிட 15 நிமிடம் எடுக்கிறது, சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி 2 மணி நேரம் என்றால், அந்த இடைவெளியில் இப்படி எட்டுத் தொகுதிகள் வந்துபோயிருக்கும். ஆக 8,000. இரவின் எல்லாச் சுற்றுகளையும் கூட்டினால் மொத்தம் வரும். எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்ற பிழை வரம்பையும் சேர்த்துச் சொல்லலாம். கண்மதிப்பில் இல்லாதது இந்தப் பிழை வரம்புதான். அது இல்லாமல் போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

ஒப்பிடுவது ஏன் அத்தனை முக்கியம் என்பதற்கு 2025ஆம் ஆண்டே சாட்சி. ஜனவரியில் சென்னையிலும் சுற்றுப்புறக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அடுத்த மாதமே ருஷிகுல்யாவில் ஏறத்தாழ 7 லட்சம் ஆமைகள் முட்டையிட்டதாகச் செய்தி வந்தது. ஒரே பருவம், ஒரே கடல். ஆமை அழிகிறதா, பெருகுகிறதா? இரண்டு செய்திகளில் எதுவும் தனியாக நின்று இதற்குப் பதில் சொல்லாது. அரிபாடா சில ஆண்டுகளில் நடக்காமலேயே போவதுண்டு. சில ஆண்டுகளில் இரண்டு முறையும் நடக்கும். ஒரு பருவத்தின் எண்ணிக்கை ஒரு புள்ளி மட்டுமே. பத்து, இருபது ஆண்டுப் புள்ளிகள் சேர்ந்தால்தான் கோடு தெரியும்.

தோல் துணுக்கு சொன்னது

கரையில் எடுத்த தோலும் திசுவும் ஆமைகளின் பழங்கதையைச் சொல்கின்றன. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துடன் சேர்ந்து கார்த்திக் ஷங்கர் செய்த மரபணு ஆய்வு 2004இல் வெளியானது. தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை அவர்கள் பார்த்தார்கள். ஒடிசாவின் அரிபாடாக் கரைகளுக்கிடையே மரபணு வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இந்தியக் கிழக்குக்கரை ஆமைகளிடம் வேறெங்கும் காணாத, மிகப் பழைய ஒரு கிளை இருந்தது. இன்று பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் திரியும் ஒலிவ் ரிட்லிகளின் மூதாதைகள் இந்தியப் பெருங்கடலிலிருந்து பரவியிருக்க வேண்டும் என்பது ஆய்வின் முடிவு. அப்படியானால் ஒடிசாவில் மடிவது பல கரைகளில் ஒன்றின் இழப்பாக மட்டும் இருக்காது. இந்த இனத்தின் மூலக் கையிருப்பே கரைகிறது.

தகடும் தன் பங்குக்குக் கதை சொல்லும். 2021 மார்ச்சில் ஒடிசாவில் தகடு மாட்டிய ஒரு பங்குனி ஆமை, 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் முட்டையிட்டது. குறைந்தது 3,500 கிலோமீட்டர் சுற்று. கிழக்குக்கரை ஆமை வேறு, மேற்குக்கரை ஆமை வேறு என்ற எண்ணத்தை அந்த ஒரு தகடு ஆட்டிவிட்டது. கர்நாடகத்தின் ஹொன்னாவர், குந்தாபுரக் கரைகளில் சிறிய அளவில் முட்டையிடும் ஆமைகளையும் இனி ஒடிசாவோடு சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கும்.

மிக நீண்ட பயணக் கதை ஏழுவரி ஆமைக்கு உரியது. ஓட்டுக்குப் பதில் கெட்டியான தோல், முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்புகள், முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. 2004 டிசம்பர் நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் பெரிய நிக்கோபாரின் தென்கோடி நிலமே சுமார் 4 மீட்டர் தாழ்ந்து, இந்த ஆமைகள் முட்டையிட்டுவந்த கலாத்தியா கரை காணாமல் போனது. அந்தக் கரையில் நடந்த கணக்கெடுப்பும் நின்றது. அதன்பின் பெங்களூர்க் குழு, அந்தமான் நிக்கோபார் சூழலியல் குழுவுடன் சேர்ந்து, 2008 முதல் சின்ன அந்தமானில் முகாம் போட்டது. கரேன் சமூகத்தைச் சேர்ந்த களப்பணியாளர்கள் படகோட்டிகளாகவும் தடம் பார்ப்பவர்களாகவும் வழிகாட்டிகளாகவும் அந்த முகாமைத் தாங்குகிறார்கள்.

2010களின் முற்பகுதியில் அங்கே முட்டையிட்ட பத்து ஏழுவரி ஆமைகளின் முதுகில் சமிக்ஞைக் கருவி பொருத்தப்பட்டது. ஆமை மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் கருவி செயற்கைக்கோளுக்கு இடத்தைச் சொல்லும். சில ஆமைகள் தென்கிழக்கே ஆஸ்திரேலியாவின் மேற்குக் கடலுக்குப் போயின. சில நேர் எதிரே, ஆப்பிரிக்காவை நோக்கி. அவற்றில் ஒன்று ஒன்பது மாதத்துக்குள் சுமார் 13,000 கிலோமீட்டர் நீந்தி மொசாம்பிக் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஒரே மணலில் பக்கத்துப் பக்கத்தில் முட்டையிட்ட இரண்டு ஆமைகள், இந்தியப் பெருங்கடலின் இரு ஓரங்களில் இரை தேடுகின்றன. இந்தியா மட்டும் காவல் காத்தால் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மணலின் சூடு

கடலாமையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் வெப்பம். அடைகாலத்தின் நடுப்பகுதியில் கூடு ஏறத்தாழ 29, 30 டிகிரி செல்சியசைத் தாண்டி இருந்தால் பெண் குஞ்சுகள் கூடும். அதற்குக் கீழே இருந்தால் ஆண். இன்னும் சூடேறினால் கரு செத்துவிடும். ருஷிகுல்யாவில் பெங்களூர்க் குழு கூடுகளுக்குள் சிறு வெப்பப் பதிவிகளைப் புதைத்து ஆண்டுதோறும் கவனித்துவருகிறது. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பவளத்திட்டுப் பகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதம் பெண்கள் என்று 2018இல் ஓர் ஆய்வு சொன்னது.

இது குஞ்சு பொரிப்பகங்களையும் நேராகத் தொடும் செய்தி. நாய்க்கும் மனிதருக்கும் பயந்து முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைக்கிறோம். அந்த வேலிக்குள் வெயில் எவ்வளவு, நிழல் எவ்வளவு என்பதை வைத்து, நமக்குத் தெரியாமலேயே ஆண் பெண் விகிதத்தையும் நிர்ணயித்துவிடுகிறோம்.

வலை

முட்டையைக் காப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை. குஞ்சு கடலுக்கு ஓடுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். ஆனால் 1987இல் அமெரிக்காவில் டெபோரா குரூஸும் சகாக்களும் பெருந்தலை ஆமைகளை வைத்துப் போட்ட கணக்கு எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. கரையில் அத்தனை முட்டைகளையும் காப்பாற்றினாலும், வளர்ந்த, வளரும் ஆமைகள் கடலில் சாவது நிற்காவிட்டால் இனம் மீளாது என்பதே அந்தக் கணக்கு. ஆமை பருவத்துக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த வயதை எட்டிய ஒன்றை இழந்தால் அந்த இடத்தை நிரப்ப ஏராளமான முட்டைகள் வேண்டும்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஒதுங்கிய உடல்களில் கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது. வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் செத்ததற்கான அறிகுறி அது. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை மடி போடக்கூடாது என்று விதி இருக்கிறது. முட்டையிடும் பருவத்தில் ஆமை கூடுவது அந்தத் தண்ணீரில்தான். மடியின் கழுத்தில் கம்பிச் சட்டம் வைத்து, இறால் உள்ளே போகவும் ஆமை மேல்வாயால் வெளியேறவும் செய்யும் ஆமை விலக்குக் கருவியைக் கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கேற்ப வடிவமைத்தது. மீனும் சேர்ந்து தப்புகிறது என்பது படகுக்காரர்களின் குறை. டீசல் விலை ஏறும் காலத்தில் அது சும்மா தள்ளிவிடக்கூடிய குறையும் அல்ல. இந்தக் கருவி இல்லாததைக் காட்டித்தான் அமெரிக்கா இந்தியாவின் கடல் இறாலை வாங்க மறுத்துவருகிறது.

மீனவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் ஒரு பயனும் இல்லை என்பது இந்த ஆராய்ச்சியாளர்கள் திரும்பத்திரும்பச் சொல்வது. லட்சத்தீவில் மீனவர், ஆமை உரசலுக்கு வேறொரு முகம் உண்டு. மைசூரின் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ரோஹன் ஆர்தர் குழுவினர் அகத்தித் தீவின் காயலில் பார்த்தது இது: பாதுகாப்பால் பெருகிய பச்சை ஆமைகள் கடற்புல்லை மேய்ந்து தீர்த்தன, புல்லோடு மீனும் குறைந்தது, மீனவருக்கு ஆமைமேல் கோபம் வந்தது. புல் தீர்ந்ததும் ஆமைகள் வேறு தீவுக் காயல்களுக்கு நகர்ந்தன. 2025இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பச்சை ஆமையை அழியும் நிலையிலிருந்து அபாயம் குறைந்த பட்டியலுக்கு மாற்றியது. மீட்சிக்கும் ஒரு விலை உண்டு. அதை முதலில் கொடுப்பவர் கரையில் வாழ்பவர்.

எண்ணிக்கை யாருடைய வேலை?

மலேசியாவின் திரெங்கானுவில் 1950களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 ஏழுவரி ஆமைக் கூடுகள் இருந்தன. பல ஆண்டுகள் முட்டைகளை அள்ளி விற்றார்கள். பெரிய ஆமைகள் வழக்கம்போல் வந்துகொண்டிருந்ததால் கெடுதல் தெரியவில்லை. கிழடுகள் போய்ச் சேர்ந்தபோது அடுத்த தலைமுறையே இல்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. ஆமை விஷயத்தில் இன்றைய தவறு இருபது ஆண்டு கழித்துத்தான் கரையில் தெரியும்.

சுனாமிக்குப் பின் கலாத்தியா கரையில் மணல் மறுபடி சேர்ந்தது. ஏழுவரி ஆமைகளும் திரும்பி வந்தன. 2021 ஜனவரியில், பெரும் சரக்குத் துறைமுகத் திட்டத்துக்காகக் கலாத்தியா விரிகுடா சரணாலயம் என்ற தகுதி நீக்கப்பட்டது. சில வாரங்களிலேயே மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட தேசியக் கடலாமைச் செயல்திட்டம், அதே விரிகுடாவை முக்கிய முட்டையிடும் இடமாகக் குறித்தது. 2022 நவம்பரில் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. துறைமுகம் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் இன்று எடுத்துப் பேசும் ஆதாரத்தின் தொடக்கம், 1970களின் இறுதியில் சதீஷ் பாஸ்கர் நடந்து எழுதிய குறிப்புகள். அவர் எண்ணியிருக்காவிட்டால் அங்கே இழக்க என்ன இருக்கிறது என்று கேட்பதற்கே இடமிருந்திருக்காது.

ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் மூன்று, ஐந்து ஆண்டுக் கணக்கில் பணம் தருகிறார்கள். ஆமையோ முட்டையிலிருந்து முட்டைக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டு எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மானியம் முடியும்போதும் பதிவு அறுபடாமல் இருப்பது இன்றுவரை சில தனிமனிதர்களின் பிடிவாதத்தால்தான். மழையை அளக்க இந்த நாட்டில் 1875இலேயே ஒரு துறை வைத்தோம். ஒரு வருஷம் பொய்த்தது என்று மழைமானியைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. கரையேறும் ஆமையை எண்ணுவதும் அப்படி ஒரு நிரந்தர அரசுப் பணியாக ஆகவேண்டும். துறைமுகமோ, மீன்பிடித் தடையோ, குஞ்சு பொரிப்பகமோ, எந்த முடிவானாலும் அந்தக் கணக்கைப் பார்த்து எடுக்க வேண்டும்.